தலையை நன்றாகத் துவட்டு

அன்பு மகள் ஜெபாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி போன மாதம் போலத்தான். வடக்கு விளையில் இரண்டு பனை பட்டுப்போயிற்று. போன் பண்ணினால் "மீட்டிங்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஈரத் தலையோடு காற்றில் நிற்காதே. உனக்குச் சின்னதிலிருந்தே சைனஸ். பெங்களூரில் இப்போது குளிர் என்று பேப்பரில் போட்டிருக்கிறான்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், போன ஞாயிறு அத்தை வந்திருந்தாள். போனில் எதையோ காட்ட எடுத்து, அப்புறம் காட்டாமல் மூடிவிட்டாள். நான் பார்த்தது ஒரு நொடிதான். வெள்ளை உடுப்பு, முகத்தில் ஒட்டிக்கிடந்த முடி, பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி. பக்கத்தில் ஒரு பெண் துண்டோடு நிற்கிறாள், துண்டு மடித்தது மடித்தபடியே இருக்கிறது. யாரோ உன் சாடையில் ஒரு பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அத்தையிடம் ஒன்றும் கேட்காதே, பாவம். உன் ஸ்டேட்டஸ் எதுவும் என் போனில் வருவதில்லை. போன் பழசு, அதனால் இருக்கும்.

அன்றைக்குக் கோயிலில் மூன்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானம். ஒன்று கூரை பிய்ந்துபோகிற மாதிரிக் கத்தியது. 1996இல் உனக்கு மூன்று மாதம், நீ அழவே இல்லை. குருவானவர் மூன்றாம் தரம் தண்ணீர் விட்டபோது நெற்றியிலிருந்து வழிந்தது வாய்க்கு வர, நாக்கை நீட்டி நக்கினாய். சபை முழுக்கச் சிரித்தது. உன் ஆச்சி அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்!

நீ திடப்படுத்தல் வகுப்புக்குப் போய்வந்த காலத்தில் என்னிடம் ஒன்று கேட்டாய். "பிசாசை வெறுக்கிறேன் என்று ஞானஸ்நானத்தில் எனக்குப் பதிலாக நீங்கள்தானே சொன்னீர்கள், நான் சொல்லவில்லையே?" வினாவிடையை ஒழுங்காக மனப்பாடம் பண்ணு என்று விரட்டினேன். வேதபாடத்தில் முதல் பரிசு வாங்கிய பிள்ளைக்கு அப்பா சொன்ன பதில் அது. அதற்கப்புறம் நீ எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பெங்களூரில் யாரோ முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பதை என்னிடம் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்.

இப்போது சொல்கிறேன். உனக்குப் பதிலாக நாங்கள் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. நீ கேட்டா உனக்குப் பால் கொடுத்தோம்? நீ யோசித்து முடிவெடுப்பதற்கு முன்னாலேயே கர்த்தர் உன்னைத் தம்முடையவள் என்று சொல்லிவிட்டார், அதுதான் அந்த மூன்று கைத் தண்ணீர். அப்புறம் வளர்ந்து நீ வாயால் ஆமாம் சொல்வதற்குத்தான் திடப்படுத்தல். இன்னொரு தரம் தண்ணீரில் முங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால் முதலில் நடந்தது வெறும் தலைகழுவல் என்றாகிவிடும். வேதத்தில் எபேசியர் நிருபத்தில் "ஒரே ஞானஸ்நானம்" என்றிருக்கிறது. எனக்கு வலிக்கிற இடம் அதுதான். நான் பொதுவாகச் சொல்கிறேன்.

உன் சித்தப்பா இதை ஒத்துக்கொள்ளமாட்டான். திண்ணையில் உட்கார்ந்து விடிய விடியப் பேசுவோம். லீதியாள் வீட்டார், பிலிப்பி சிறைக்காரன் வீட்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் இருக்கிறார்களே, வீட்டார் என்றால் குழந்தை இருந்திருக்காதா என்பேன். "இருந்தது என்று எழுதியிருக்கா?" என்பான். எழுதவில்லைதான். ரோமர் ஆறாம் அதிகாரத்தைப் பிரித்து வைப்பான். தண்ணீருக்குள் போவது கிறிஸ்துவோடு அடக்கம், மேலே வருவது அவரோடு உயிர்த்தெழுவது; "மூன்று கைத் தண்ணீரில் யாரை அடக்கம் பண்ணுவீங்க அண்ணே?" நான் திதாகேயை எடுப்பேன். ஆதிச்சபையின் புத்தகம் அது. ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது. உடனே சொல்வான்: "தாமிரபரணியே ஓடுது, நமக்கு என்ன பஞ்சம்?"

1991இல் அந்தத் தாமிரபரணியில்தான் எடுத்தான். கரையில் அவனுக்குத் துண்டு கொடுக்க வீட்டு ஆள் ஒருத்தரும் இல்லை.

ஜெபா, உனக்கு ஒன்று தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அப்போது சபைக் கமிட்டிச் செயலாளர் நான். மறு ஞானஸ்நானம் எடுத்தவன் என்று சபைப் பதிவேட்டிலிருந்து அவன் பெயரை எடுக்கத் தீர்மானம் போட்டார்கள். சிவப்பு மையில் கோடு இழுத்து, பக்கத்தில் "நீக்கப்பட்டார்" என்று எழுதியது என் கை. வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம். என் கையெழுத்துதான் அழகாக இருக்கும் என்று பேனாவை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

2009இல் அவன் போனபோது கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார்கள். இடம் இருந்தது. ஆச்சிக்குப் பக்கத்திலேயே இருந்தது. கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. விளையில் புதைத்தோம். சித்தப்பா ஏன் ஆச்சியோடு இல்லை என்று கேட்டாயே, அவனே அப்படி ஆசைப்பட்டான் என்று சொன்னேன். பொய். உனக்கு அப்போது பதின்மூன்று வயது.

பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோயிலுக்கு உன்னைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கும். தஞ்சாவூர் பிராமண விதவை குளோரிந்தா 1785இல் கட்டியது. வெள்ளைக்கார அதிகாரியோடு கல்யாணம் ஆகாமல் இருக்கிறாள் என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்துப் பாளையங்கோட்டைச் சபைக்குப் பதிவேடு எழுதியபோது மொத்தம் நாற்பது பேர், அதில் அவளும் உண்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது ஒருநாளாவது என் பதிவேடு ஞாபகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

அதற்காக முழுக்குத்தான் சரி என்று நான் சொல்லவரவில்லை. நான் ஊற்றிய தண்ணீர்க்காரன்தான். ஆனால் கமிட்டியில் இப்போது இல்லை. நாளைக்கு உனக்கு ஒரு இடம் அமைந்தால் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்பார்கள். மஞ்சள் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. யாராவது மல்லுக்கு வந்தால் நான் போய்ப் பேசுகிறேன். இந்தத் தரம் பேசுவேன்.

கிறிஸ்மஸுக்கு வருகிறாய்தானே? தூத்துக்குடி ரயிலுக்கு இப்போதே டிக்கெட் போடு, அப்புறம் வெயிட்டிங்கில் அலையாதே. சித்தப்பா விளையில் உடைமரம் மண்டிக்கிடக்கிறது, வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். நீ வந்தால் சேர்ந்து போகலாம். வழியில் ஏதாவது சொல்ல இருந்தால் சொல். நானாகக் கேட்கமாட்டேன்.

பார்சலில் கருப்பட்டியோடு இரண்டு பருத்தித் துண்டு வைத்திருக்கிறேன். கடையில் விற்கிற பூத்துண்டு தண்ணீரை இழுக்காது. தலையை நன்றாகத் துவட்டு.

அப்பா