அம்மாவின் அலமாரியை இப்போது தொட வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அம்மா காலமான பிறகு அவருடைய அலமாரியை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். "பார்க்கப் பார்க்கத்தான் அழுகை வரும், சீக்கிரம் ஒழித்துவிடு" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். உன் மேல் இருக்கும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் கேட்காதே. இதற்கெல்லாம் கெடு கிடையாது.

நகையும் கடிகாரமும் எப்படியும் யாரிடமாவது பத்திரமாக இருக்கும். எனக்குக் கவலை மற்ற சாமான்களைப் பற்றித்தான். என் அப்பா போனபோது என்னை உலுக்கிப் போட்டது அவருடைய செருப்பு. வலது செருப்பில் கட்டைவிரல் பதிந்த இடம் குழிந்து வழுவழுவென்று இருக்கும். குதிகாலில் வெளி ஓரம் மட்டும் நன்றாகத் தேய்ந்திருக்கும். கொஞ்சம் சாய்ந்து நடப்பார் அவர். அந்தத் தேய்மானத்தைப் பார்த்தாலே அவர் நடந்து வருவது தெரியும். எந்தப் போட்டோவிலும் அது இல்லை. வேறு யார் எடுத்திருந்தாலும் பழைய செருப்பு என்று தூக்கிப் போட்டிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால்தான் சொல்கிறேன், உனக்கு உதவி செய்கிறேன் என்று யார் வந்தாலும் நீ பக்கத்தில் இல்லாமல் அந்த அலமாரியைத் திறக்க விடாதே.

அம்மாவின் துணியில் முகத்தைப் புதைத்து அழுததை ஏதோ கூடாத காரியம் மாதிரி எழுதியிருக்கிறாய். அப்படி நினைக்காதே. மற்ற புலன்கள் சொல்வதெல்லாம் தாலமஸ் என்ற பகுதி வழியாகத்தான் மூளையின் மேற்பகுதிக்குப் போகிறது. வாசனை அங்கே நிற்பதில்லை. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு அதற்கு நேர்த் தொடர்பு இருக்கிறது. அம்மா என்று மனசு சொல்வதற்குள் கண் கலங்கிவிடுவது அதனால்தான். ஒன்று மட்டும் செய், இதைத் தள்ளிப்போடாதே: ஒரு துணியைத் துவைக்காமல், காற்றுப் புகாத பையில் போட்டு மூடி வை. வாசனை என்றாவது போய்விடும்தான். பையில் இருந்தால் மெதுவாகப் போகும்.

அம்மாவின் போன் நம்பரையும் உடனே ரத்து செய்ய வேண்டாம். விட்டுவிட்டால் அதே நம்பரைக் கொஞ்ச நாள் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஏதோ ஒரு ராத்திரி தாங்காமல் நீ கூப்பிட, முன்பின் தெரியாத குரல் 'ஹலோ' என்றால் எப்படி இருக்கும்? அப்புறம், அவர் அனுப்பிய குரல் செய்திகளை வேறு இரண்டு இடத்திலாவது சேமித்து வை. "சாப்பிட்டியா, போன் பண்ணு" என்று மட்டும் சொல்லும் சின்னச் செய்தியையும் அழிக்காதே.

பொருளைப் பிடித்துக்கொண்டு இருந்தால் துக்கம் ஆறாது என்கிறார்களே, அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். இறந்தவர் மேல் வைத்த பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பதுதான் துக்கத்தின் வேலை என்று 1917இல் எழுதியவர், உளப்பகுப்பாய்வு என்ற மனச் சிகிச்சை முறையைத் தொடங்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு. 1920இல் அவருடைய மகள் சோஃபி காய்ச்சலில் இறந்துபோனாள். பல வருடங்கள் கழித்து, அவரிடம் சிகிச்சைக்குப் போன கவிஞர் ஹில்டா டூலிட்டிலிடம் அந்தப் பேச்சு வந்தபோது, கடிகாரச் சங்கிலியில் மாட்டியிருந்த சின்ன லாக்கெட்டைக் காட்டி, அவள் இங்கே இருக்கிறாள் என்றாராம். 1929இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அவளுக்கு ஈடாக எதுவும் வராது, அப்படி வராமல் இருப்பதுதான் சரி என்றும் சொல்லியிருக்கிறார். விட்டுவிடச் சொன்னவரே கூடவே வைத்துக்கொண்டிருந்தார். அந்த லாக்கெட்டைத்தான் நான் நம்புகிறேன்.

அண்ணன் மேல் உனக்குக் கோபம், தெரிகிறது. எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்று நிற்கிறார். அவருக்குப் பாசம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் எழுதியது இது: துக்கத்தில் இருப்பவர் இழப்பை நினைத்து உருகுவதும், மிச்சமிருக்கும் வாழ்க்கையைச் சீர்செய்ய ஓடுவதுமாக மாறி மாறிப் போய்வருவார். இன்றைக்கு நீ அந்தப் பக்கம் இருக்கிறாய், அண்ணன் இந்தப் பக்கம். அவருக்கும் அழுகை வரும், அன்றைக்கு அவர் தேடும் ஏதாவது ஒன்று அலமாரியில் மிச்சம் இருக்க வேண்டும். இதைச் சண்டையாக இல்லாமல் அவரிடமே சொல்லிப் பார்.

என்றாவது நீயே திறப்பாய். அன்றைக்கும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்றில்லை. ஒரு தட்டு போதும். சட்டைப் பை, கைப்பை, புத்தகத்தின் நடுப்பக்கம், மருந்துச் சீட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் பார். அம்மா கையெழுத்து எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஆள் வேண்டும் என்றால் ராத்திரி ஆனாலும் கூப்பிடு, வருகிறேன். எதுவும் பேசாமல் கூட உட்கார்ந்திருக்கச் சொன்னாலும் சரி.

அன்புடன்,
அக்கா