சுகர் ஃப்ரீ உறையில் பாலியால் எத்தனை கிராம் என்றும் அச்சிடச் சொல்லுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தாருக்கு,

வணக்கம். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உணவுமுறை வகுத்துத் தரும் உணவியலாளர்கள் எழுதுகிறோம். கேட்பது உறையில் ஒரு வரி.

100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டாவிட்டால் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டுக்கொள்ளலாம் என்பது உங்கள் விதி. சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பூட்டச் சேர்க்கும் மால்டிடால், சார்பிடால், சைலிடால், ஐசோமால்ட் போன்ற பாலியால்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதனால் எடையில் பாதி மால்டிடாலாக உள்ள சாக்லேட்டும் 'மொத்த சர்க்கரை 0' என்று சொல்லிக்கொள்ளலாம். பாலியால் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மலமிளக்கக்கூடும் என்று எச்சரிக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறீர்கள். நல்ல விதிதான். ஆனால் ஒரு துண்டில் எத்தனை கிராம் என்பது அதிலிருந்து தெரிவதில்லை. எங்கள் நோயாளிக்கு வேண்டியது அதுதான்.

பாலியால் சிறுகுடலில் அரைகுறையாகவே உறிஞ்சப்படும். மிச்சம் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலில் பாக்டீரியா அதை நொதிக்க வைத்து வாயுவாக்கும். எடைக்குறைப்பு அறுவைகளில் ஒன்றான கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தவருக்கு மிஞ்சுவது சுமார் 30 மில்லி கொள்ளும் இரைப்பை. உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் பைலோரஸ் அவருடைய உணவுப் பாதையிலேயே இல்லை. விழுங்கியது நேராகச் சிறுகுடலில் இறங்கும். முழு வயிறு உள்ளவர்களிலேயே பலருக்குச் சார்பிடால் 10 கிராமில் உப்புசமும் 20 கிராமில் பேதியும் வரும். ஒரு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்க முடியாதவருக்கு நாலு தடவை பேதியானால் நீரிழப்பு சீக்கிரம் வந்துவிடும்.

சூயிங் கம் அற்பம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றில் சுமார் 1.25 கிராம் சார்பிடால். கம் வழியாக நாளுக்கு 18 முதல் 20 கிராம் சார்பிடால் உள்ளே போன ஒரு ஜெர்மானியப் பெண், மாதக்கணக்கில் பேதியாகி 11 கிலோ இளைத்தது 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கம்மை விட்டதும் பேதி நின்றது. அறுவைக்குப் பின் மாத்திரைக்குப் பதில் தரும் சிரப்புகள் பலவற்றிலும் சார்பிடால் உண்டு. அது உங்கள் எல்லைக்குள் வராது, தெரியும்.

பாலியாலால் வரும் தொல்லையை டம்பிங், அதாவது உணவு மளமளவென்று சிறுகுடலில் இறங்குவதால் வரும் உபாதை, என்று எண்ணிப் பயப்படுகிறவர்களும் உண்டு. சாப்பிட்டு 10 முதல் 30 நிமிடத்தில் வியர்த்து, படபடத்து, தலை சுற்றினால் பெரும்பாலும் சர்க்கரையால் வரும் டம்பிங். நேரங்கழித்து வயிறு கடமுடவென்று உருட்டி வாயு பிரிந்தால் பாலியாலைச் சந்தேகிக்கலாம். பால் சர்க்கரையும் இதே வேலையைச் செய்யும் என்பதால் பால் சர்க்கரை இருக்கக்கூடிய புரோட்டீன் பவுடரையும் பாலியால் இருக்கக்கூடிய புரோட்டீன் பாரையும் ஒரே நாளில் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்கிறோம்.

உறை வாய் திறக்காதவரை நாங்கள் சொல்லித் தரும் வழி இது: மாவு சேராத இனிப்பு என்றால் கார்போஹைட்ரேட்டிலிருந்து மொத்த சர்க்கரையைக் கழியுங்கள். 30 கிராம் சாக்லேட்டில் கார்போஹைட்ரேட் 15, சர்க்கரை 1 என்றால் மீதி 14 கிராமில் பெரும்பகுதி பாலியாலாக இருக்கலாம். பொருட்பட்டியலில் பாலியால்களைக் குறிக்கும் 420, 421, 953, 965, 966, 967, 968 ஆகிய எண்களைத் தேடுங்கள். முதல் தடவை கால் துண்டு மட்டும். அன்று வேறு சுகர் ஃப்ரீ எதுவும் வேண்டாம். பேதியானால் நிறுத்திவிட்டு ஓ.ஆர்.எஸ்ஸைச் சிறுசிறு மடக்காகக் குடியுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கிராமோடு பெயரும் வேண்டும். கிராமுக்கு மால்டிடால் சுமார் 2.1 கலோரி தரும், ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். எரித்ரிடால் 0.2 கலோரிதான், பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடுவதால் வயிற்றை அவ்வளவாகப் படுத்தாது. 'பாலியால்' என்ற ஒற்றைச் சொல்லில் இரண்டையும் அடைப்பது சரியில்லை.

ஆகவே ஊட்டச்சத்து அட்டவணையில் ஒரு பரிமாறலுக்கு எந்தப் பாலியால், எத்தனை கிராம் என்பதைக் கட்டாயமாக்குங்கள். ஸ்வீட் ஸ்டால் தட்டில் விற்கும் சுகர் ஃப்ரீ பர்பிக்கு உறையே கிடையாது. 2020 அக்டோபர் 1 முதல் அதே தட்டில் எந்தத் தேதிவரை சாப்பிடலாம் என்று எழுதி வைக்கச் சொன்னீர்கள். அந்த அட்டையிலேயே இதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவுகளின் உணவியலாளர்கள்