மூன்றாம் பலகைக்காரர் வீட்டிலிருந்து ஒரு மடல்

படகுக் கழகத் தலைவருக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

பினாங்கு தெலுக் பஹாங் அணைக்கட்டில் நடக்கும் டிராகன் படகுப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே ஆண்கள் எல்லாரும் மண்டபத்தில்தான் படுக்க வேண்டும், வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறீர்கள். காரணம் எழுதவில்லை. எழுதாவிட்டால் தெரியாதா? செம்பனை ஆலை கேண்டீனில் அதை வைத்துத்தான் சிரிப்பு. இடப்பக்கம் மூன்றாம் பலகையில் துடுப்பு போடுபவரின் மனைவி நான். கிளினிக்கில் இருபது வருடம் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்தவள். கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

மனைவியோடு இருந்தால் வலு போய்விடும் என்பது பாட்டன் காலத்துப் பயம். அமெரிக்காவில் வாரன் ஜான்சன் என்பவர் 1968-லேயே திருமணமான 14 ஆண்களைச் சோதித்தார். உறவுக்கு மறுநாள் காலையிலும், ஆறு நாள் விலகியிருந்த பிறகும் கைப்பிடி வலுவை அளந்தார். வித்தியாசம் இல்லை. துடுப்பைப் பிடிப்பதும் அதே கைதானே?

வலுவைத் தின்பது தூக்கமின்மை. நைட் ஷிப்ட் முடிந்து ஒரு தே தாரிக்கோடு, பயிற்சி நடக்கும் பழைய ஈயக்குட்டைக்கு ஓடிவருகிறார்கள். 20 பேர் குறட்டைக்கு நடுவே சிமெண்டுத் தரையில் எப்படித் தூங்குவார்கள்? ஒருவர் துடுப்பு பிந்தினாலும் படகு இழுக்கும் என்று நீங்கள்தானே கத்துகிறீர்கள்!

எனக்கு உண்மையில் கோபம் பெண்கள் குழு விஷயத்தில்தான். வாராவாரம் எடை பார்த்து, படகு கனக்கிறது என்று சோற்றைக் குறைக்கச் சொல்கிறீர்கள். இருவருக்கு மாதவிலக்கே நின்றுவிட்டது. ஒருத்திக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான். "அவர் பக்கத்தில் வந்தாலே எரிச்சலா இருக்குக்கா, எனக்கு என்னமோ ஆயிருச்சு" என்று அழுதாள். எழுதச் சொன்னதும் அவளே. புருஷன் வேறு ஏதோ சந்தேகப்படுகிறானாம்.

அவளுக்கு மனதில் ஒரு கோளாறும் இல்லை. பயிற்சிக்கு ஈடாகச் சாப்பாடு போகாவிட்டால் உடல் மிச்சம் பிடிக்கத் தொடங்கும்; பிள்ளைப்பேற்றுக்கான சுரப்பிகளில்தான் முதலில் கை வைக்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும், ஆசை வற்றும், எலும்பும் வலுவிழக்கும். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கு ஒரு பெயரே வைத்து எச்சரித்தது. ஆண்களுக்கும் வரும் என்றது.

தராசைப் பூட்டி வையுங்கள். அந்த இருவரையும் டாக்டரிடம் நான் அழைத்துப் போகிறேன், செலவைக் கழகம் ஏற்கட்டும். ஞாயிறு பயிற்சிக்குப் பச்சைப்பயற்றுக் கஞ்சியும் அவித்த முட்டையும் கொண்டுவருகிறேன். யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று எண்ணக்கூடாது.

மண்டபத்துக்கு என் வீட்டுக்காரர் வரமாட்டார். பாயை எடுத்து வைத்தவரிடம் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மூன்றாம் பலகைக்காரர் மனைவி,
கோல சிலாங்கூர் மாவட்டம்