சி மொழி பழசு என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சை முடிந்தால் போதும், உங்கள் பத்திரிகையிலும் யாழ்ப்பாணத்து மதில்களிலும் பைதன் என்ற கணினி நிரல் மொழிக்கான வகுப்பு விளம்பரம்தான். பைதன் படிக்கட்டும், நல்ல மொழி, உயர்தரப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. ஆனால் இன்னொரு நிரல் மொழியான சியைப் பற்றிச் சில வகுப்புகளில் "சி எல்லாம் பழசு, இனித் தேவையில்லை" என்று சொல்லிக் கொடுக்கிறார்களாம். பிள்ளைகள் வந்து அதை அப்படியே ஒப்புவிக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

பைதனில் பெரிய கணக்குப் போடுகிற எல்லோரும் பாவிக்கும் நம்பை (NumPy) என்ற ஆயத்த நிரல் தொகுப்புக்குள் ஓடுவது பெரும்பாலும் சி. அதனிடம் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்னால் அது லாபேக் (LAPACK) என்ற கணிதத் தொகுப்பைக் கூப்பிடுகிறது, லாபேக் போர்ட்ரானில் எழுதப்பட்டது, 1957இல் வந்த மொழி!

சரி, இதைப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க முடியாதா? முடியும். சி நிரலைப் பைதனிலிருந்து கூப்பிட உதவும் சி-டைப்ஸ் (ctypes) 2006 முதல் பைதனோடேயே வருகிறது. சி மொழியில் ஒரு சிறிய சார்பை (function) எழுதி, கணினிக்கு விளங்கும் வடிவுக்கு மாற்றி (கம்பைல் பண்ணி), பைதனிலிருந்து நேராகக் கூப்பிடலாம். அந்தச் சார்பு எதைத் திருப்பித் தரும் என்று நாங்கள் சொல்லாவிட்டால் பைதன் அதை முழு எண் என்றே எடுத்துக்கொள்ளும். வந்தது நினைவக முகவரியாக இருந்தால் 64 பிட்டில் பாதி வெட்டுப்பட்டுப் போகும், அப்புறம் ஒரு கணினியில் ஓடும் புறோகிராம் இன்னொன்றில் விழும்.

தமிழ் எழுதுகிற எங்களுக்கு இது இன்னும் முக்கியம். "யாழ்ப்பாணம்" என்ற சொல்லின் நீளம் பைதனில் 11, புள்ளியும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால். அதையே யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஆக்கிச் சி பக்கம் அனுப்பினால் 33 பைட், ஏனென்றால் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். 11ஐ நம்பி அங்கே இடம் ஒதுக்கினால் மிச்சமெல்லாம் பக்கத்து நினைவகத்தில் போய் ஏறும். ஊர்ப் பெயரை Jaffna என்று ஆங்கில எழுத்தில் கொடுத்துச் சோதித்தால் இரண்டு பக்கமும் 6 என்றே வரும், பிழை வெளியே தெரியாது. தமிழில் ஒரு பெயரைக் கொடுத்துப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் அது பிடிபடும்.

வகுப்பு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பைதன் பாடம் முடிகிற கிழமையில் பத்து வரி சி எழுதவைத்து அதைப் பைதனிலிருந்து கூப்பிடவையுங்கள், சி பக்கம் எடுத்த நினைவகத்தை யார் விடுவிப்பது என்று பிள்ளைகளே கேட்பார்கள். நீங்களும் யாழ் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானத் துறையில் யாரிடமாவது கேட்டு இதைப் பற்றிக் கல்விப் பக்கத்தில் ஒரு கட்டுரை போடுங்கள் ஐயா.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்