காலியாகக் கிடக்கும் மாதத்தையும் கற்றுக்கொடுங்கள்

வீடு, மனை முதலீட்டுப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கு,

வணக்கம். ஆறு வருடங்களுக்கு முன் உங்களைப் போன்ற ஒருவர் நடத்திய இரண்டு நாள் வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் மதியம், மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டார்: "குடியிருக்கிறவர் காலி பண்ணிவிட்டுப் போய், மூன்று மாதம் வேறு யாரும் வரவில்லை என்றால் தவணையை எப்படிக் கட்டுவது?" வகுப்பெடுத்தவர் சிரித்துக்கொண்டே, "எதிர்மறையாக யோசிக்கிறவர்களிடம் பணம் வராது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

அடுத்த வருடம் கடன் வாங்கி ஒரு ஃபிளாட் வாங்கினேன். எட்டாவது மாதம் குடியிருந்தவர்கள் வேலை மாற்றலாகிக் கிளம்பினார்கள். அவர்களுடைய அலமாரி நின்ற இடத்தில் சுவர் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருந்தது. விரல் பட்டாலே பூச்சு மாவாக உதிர்ந்தது. பக்கத்துக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. நான் வாங்கப் போனபோது அந்தச் சுவரில் புது பெயின்ட் மின்னியது, "பராமரிப்பு நன்றாக இருக்கிறதே" என்று சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது. வீடு நான்கு மாதம் காலியாகக் கிடந்தது. ஒரு பக்கம் தவணை, இன்னொரு பக்கம் பிளம்பர் கூலியும் கொத்தனார் கூலியும். அந்த நான்கு மாதமும் அந்தப் பெண் கேட்ட கேள்விதான் மண்டைக்குள் ஓடியது.

வீட்டை நான் விற்கவில்லை. இன்று அது ஒழுங்காகத்தான் போகிறது. ஆகவே முதலீடே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. முதல் வீடு வாங்கப் போகிறவர்கள் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். பாதிப் பேர் உங்கள் வகுப்புகளை முடித்தவர்கள். கையில் எவ்வளவு வேண்டும், எந்த ஏரியாவில் வாங்கலாம், எப்போது வேலையை விடலாம் என்றுதான் கேள்விகள் இருக்கின்றன. மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர் அபூர்வம். அதை அவர்களுக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை.

போர்டில் இதை எழுதிக் காட்டுங்கள். வீட்டின் விலை 100. கையிலிருந்து 20, கடன் 80. வட்டி 8 சதவீதம், 20 வருடம். தவணை வருடத்துக்குச் சுமார் 8 ஆகும். வருட வாடகை 5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் காலியாக இருந்தால் அது 4.6 ஆகிறது. வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு என்று ஒரு 1.2 போனால் நிற்பது 3.4. சரி, மீதித் தவணைக்கு 4.6 எங்கிருந்து வரும்? சம்பளத்திலிருந்துதான். அந்தச் சம்பளத்தை விட்டுவிடலாம் என்ற ஆசையில்தான் பலர் உங்கள் வகுப்புக்கே வருகிறார்கள்.

இன்னொன்று. அதே கடனில் முதல் மாதத் தவணையை 5 பங்காக்கினால் ஏறக்குறைய 4 பங்கு வட்டிக்குப் போகிறது. ஐந்து வருடத்தில் மொத்தம் 40 கட்டியிருப்பார், கடனோ 80-இலிருந்து 70-க்குத்தான் இறங்கியிருக்கும். ஐந்து வருடத்தில் விற்றுவிடலாம் என்று திட்டம் போடுகிறவர் இதைப் பார்த்தே ஆக வேண்டும். வாங்கும்போது கட்டிய பதிவுச் செலவும் தரகும் திரும்பி வராது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விலை 10 சதவீதம் ஏறினால் போட்ட 20 என்பது 30 ஆகும், 50 சதவீத லாபம் என்று நீங்கள் காட்டுகிறீர்கள். வட்டியையும் செலவையும் விட்டுவிட்டால் அது சரியான கணக்குதான். அதே கணக்கு கீழேயும் ஓடும் அல்லவா? 10 சதவீதம் இறங்கினால் போட்டதில் பாதி போச்சு. 20 இறங்கினால் முழுவதும் போச்சு, கடன் மட்டும் நிற்கும். "நிலம், வீடு விலை இறங்கவே இறங்காது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஜப்பானில் 1991-க்குப் பிறகு நிலத்தின் விலை பத்தாண்டுக்கு மேல் இறங்கிக்கொண்டே போனது. அமெரிக்காவில் 2006-க்கும் 2012-க்கும் நடுவில் வீட்டு விலை சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது.

காலி மாதத்தைச் சொல்லிக் கொடுத்தால் ஆட்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்கியவர் காலி மாதத்தில் தூங்குவார். ஒரே ஒரு வீடு வைத்திருப்பவருக்கு அது காலியானால் வாடகை வரவு மொத்தமாக நின்றுவிடுகிறது. பத்து வீடு வைத்திருப்பவரின் அனுபவத்தை அவருக்குப் பாடமாக வைப்பது பொருந்தாது.

பயத்துக்கு மருந்து பயிற்சிதானே. வாங்காமலே பத்து வீடுகளுக்குக் கணக்குப் போட வையுங்கள். விற்பவர் சொல்லும் விலையை விட்டுவிட்டு, அதே மாதிரி வீடுகள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று தேடச் சொல்லுங்கள். மூலப் பத்திரம் முதல் இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வருகிறதா, நடுவில் வில்லங்கம் ஏதும் உண்டா என்று விற்பவரின் ஆள் அல்லாத ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். மழைக்குப் பிறகு போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என் சுவரை மழைக்காலத்தில் நான் தொட்டிருந்தால் தப்பித்திருப்பேனா தெரியாது, அந்தப் புது பெயின்ட் எதற்கு என்றாவது கேட்டிருக்கலாம். உறவினரோடு கூட்டு சேர்ந்து வாங்கினால் பங்கு எவ்வளவு, பிரிந்தால் எப்படி என்று முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வாடகை வருமானம் உட்கார்ந்த இடத்தில் வருவது என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று போன் வரும்.

கையில் கொஞ்சமே இருப்பவர்களும் வருகிறார்கள். கைப்பணமே இல்லாமல் வாங்கலாம் என்று அவர்களைக் கடனில் தள்ள வேண்டியதில்லை. பலரிடம் பணம் திரட்டிக் கட்டிடங்கள் வாங்கி, அதில் வரும் வாடகையைப் பங்கிட்டுத் தரும் ரீட் (REIT) என்னும் முதலீட்டு அமைப்பு, அமெரிக்கா 1960-இல் சட்டம் போட்டுத் தொடங்கிவைத்தது, இன்று பல நாடுகளில் இருக்கிறது. பங்கு வாங்குவதுபோலச் சிறு தொகைக்கு யூனிட் வாங்கலாம். விலை அதிலும் ஏறி இறங்கும்தான், ஆனால் ராத்திரியில் போன் வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வருமானத்தில் வாடகையிலிருந்து வருவது எவ்வளவு, வகுப்புக் கட்டணத்திலிருந்து வருவது எவ்வளவு என்று முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். கையைச் சுட்டுக்கொண்ட ஒருவரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் அழைத்தால் நான் வருகிறேன், அந்தச் சுவரின் போட்டோவை இன்னும் வைத்திருக்கிறேன். அப்புறம், மூன்றாவது வரிசையில் யாராவது எழுந்து அந்தக் கேள்வியை மறுபடி கேட்டால், பதில் சொல்லி முடிக்கும்வரை மைக் அவர் கையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர் ஒருவர்