வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: சுலைமான் ஸ்டால்ஸ்கியோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட, காக்கசஸ் பகுதியின் லெஸ்கின் இனக் கவிஞர் சுலைமான் ஸ்டால்ஸ்கியைப் பற்றியே சொல்லப் போகிறேன்.

1869-இல், இன்று ரஷ்யாவில் உள்ள தாகெஸ்தானின் தென்பகுதியில், அஷாகா-ஸ்டால் கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து கூலி வேலைக்குப் போனார். டெர்பெண்ட், கஞ்சா, சமர்கந்து, பாக்கு எண்ணெய்க் கிணறுகள் என்று பிழைப்பு அவரை ஊர் ஊராக இழுத்தது. அப்புறம் சொந்த ஊருக்கே திரும்பினார். எழுதப் படிக்கத் தெரியாது. மனசுக்குள்ளேயே பாட்டுக் கட்டி வாய்விட்டுப் பாடுவார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். எழுத்தாளர் எஃபெந்தி காபியெவ் அவற்றை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோனார்.

1934-இல் மாஸ்கோவில் சோவியத் எழுத்தாளர்களின் முதல் மாநாடு. மேடையில் உட்கார்ந்தபடியே அந்தக் கிழவர் உதடுகளை அசைத்து முணுமுணுத்துக் கவிதை கட்டியதையும், பிறகு எழுந்து அதை அற்புதமாகச் சொன்னதையும் மாக்ஸிம் கார்க்கி பார்த்தார். 'இருபதாம் நூற்றாண்டின் ஹோமர்' என்று அதே மாநாட்டில் அவரைப் புகழ்ந்தார். இதைப் படித்த பிறகுதான் நம் கூட்டங்களில் கவிதைத் தாளை முன்கூட்டியே கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினோம். முதலில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் காது கொடுப்பார்கள். இந்த மாற்றம் தொடர வேண்டும் என்பது என் விருப்பம்.

காரசாரமான விவாதமும் நடந்தது. நீதிபதிகளையும் முல்லாக்களையும் வியாபாரிகளையும் சாடிய அதே வாய், முப்பதுகளில் ஸ்டாலினைப் போற்றிப் பாடியது. 1936-இல் 'ஆர்டர் ஆஃப் லெனின்' என்ற சோவியத் அரசு விருதும் கிடைத்தது. பிற்காலப் பாடல்களை ஒதுக்கிவிடலாம் என்றார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் இறந்தது 1937 நவம்பரில். எழுத்தாளர்கள் பலர் சிறைக்கும் சாவுக்கும் அனுப்பப்பட்ட ஆண்டு அது. அந்தக் காலத்தோடு சேர்த்து முழுசாகப் படித்தால்தான் இளவயதில் அநியாயம் கண்டு கொதித்த மனிதரின் அருமை புரியும்.

அவர் பிறந்த மாவட்டம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. டெர்பெண்டில் உள்ள லெஸ்கின் நாடக அரங்கும் அப்படியே. சமூர் ஆற்றின் இரு கரையிலும், ரஷ்யாவிலும் அஜர்பைஜானிலுமாகப் பிரிந்து வாழும் ஒரு சிறிய இனத்துக்கு இந்தப் பெயர் எவ்வளவு பெரிய பலம்!

வரும் ஆண்டுக்கு, இவருக்கு முந்தைய தலைமுறை லெஸ்கின் கவிஞர் எதிம் எமினை எடுத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். உரக்க வாசிக்க முன்வருவோர் இன்றே பெயர் கொடுக்கலாம்.

இவண்,
செயலாளர்