எங்கள் பின்வளவில் கிடந்த குப்பையை எங்கே எரித்தீர்கள்?

நிர்வாக முகாமையாளர்,
தனியார் மருத்துவ நிலையமும் ஆய்வுகூடமும்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர்,
மருத்துவக் கழிவு சேகரிப்புப் பிரிவு.

ஐயா / அம்மணி,

விடயம்: சேகரிக்காத கழிவுக்கு வழங்கப்பட்ட அழிப்புச் சான்றிதழ்

கடந்த மாதம் 9ஆம் திகதி எமது நிலையத்திலிருந்து 14.6 கிலோ தொற்றுக் கழிவை எடுத்துச் சென்று, மறுநாள் 10ஆம் திகதி எரித்து அழித்துவிட்டதாகத் தாங்கள் அனுப்பிய சான்றிதழ் என் மேசையில் இருக்கிறது. முத்திரை, ஒப்பம், தொடரிலக்கம் எல்லாம் ஒழுங்காக உள்ளன. ஆனால் அந்தக் கழிவு 13ஆம் திகதி காலை வரைக்கும் எங்கள் பின்வளவு அறையில்தான் கிடந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். 9ஆம் திகதி தங்கள் லொறி வரவில்லை. சாரதிக்குக் கோல் எடுத்தேன். நாளைக்கு வருவதாகச் சிங்களத்தில் "ஹெட எனவா" என்றார். மறுநாளும் அதே பதில். 11ஆம் திகதி அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தங்கள் அலுவலக இலக்கத்துக்கு ஐந்து தடவை அழைத்தேன். இரண்டு தடவை பாட்டுக் கேட்டேன், மூன்று தடவை "குறித்துக்கொண்டோம்" என்றார்கள். எங்கே குறித்தார்களோ தெரியாது.

12ஆம் திகதி விடியற்காலையில் பின்கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்திருக்கிறது. அது எங்கள் பிழை, ஒத்துக்கொள்கிறேன். கொழும்புக் காகத்துக்குக் கதவு ஒரு சாண் திறந்திருந்தால் போதும். காயத்துக்குக் கட்டிய பஞ்சும் துணியும் மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கை முழுக்க இழுபட்டுக் கிடந்தன. பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் தாண்டித் தாண்டிப் போனார்கள். மேல்மாடியில் இருக்கும் ஐயா இறங்கிவந்து பேசிய பேச்சை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. நானும் எங்கள் தாதி ஒருவரும் தடித்த கையுறை போட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். அந்த நேரம் பார்த்து மாநகர சபை லொறி வந்தது. சிதறிய மஞ்சள் தொற்றுக் கழிவுப் பையைக் கண்டதும், சாதாரணக் குப்பை போட்ட எங்கள் கறுப்புப் பைகளையும் தொடமாட்டோம் என்று போய்விட்டார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஒரு மருத்துவ நிலையத்தில் சேரும் குப்பையில் நூற்றுக்கு 85 பங்கு சாதாரணக் குப்பைதான், மிச்சம் 15 பங்குதான் ஆபத்தானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 15ஐ மற்றதோடு கலக்காமல் காப்பதற்காகவே எங்கள் ஆட்கள் நாள் முழுக்க மஞ்சள், கறுப்பு, பச்சை, நீலம் என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறார்கள். குளிரூட்டாத அறையில் தொற்றுக் கழிவை வெப்ப நாடுகளில் குளிர்காலமானால் 48 மணித்தியாலம், கோடையானால் 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதும் அதே நிறுவனத்தின் வழிகாட்டல். கொழும்புக்கு எது ஐயா குளிர்காலம்? நாள் விட்டு நாள் வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியதே இதற்காகத்தான். நாங்கள் நான்கு நாள் வைத்திருந்தோம்.

13ஆம் திகதி லொறி வந்தது. சரி, தாமதம் என்று விட்டிருப்பேன். மாதக் கடைசியில் விலைச்சிட்டையோடு சான்றிதழ்களும் வந்தபோதுதான் மேற்படி 9ஆம் திகதிச் சான்றிதழைக் கண்டேன். பிறகு பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்திய மூன்று சான்றிதழ்களிலும் அதே 14.6 கிலோ. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு பையும் கட்டி முடிந்ததும் தராசில் வைத்து எழுதுவோம். அந்த மூன்று நாட்களிலும் எங்கள் கொப்பி காட்டுவது 11.2, 9.8, 16.1 கிலோ. நாலு தடவையும் ஒரே நிறைக்கு நோயாளர் இரத்தம் கொடுத்திருந்தால் அது மருத்துவ அதிசயம். தங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் பழைய சான்றிதழைத் திறந்து திகதியை மட்டும் மாற்றி அச்சடிக்கிறார் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். அப்படியில்லை என்றால் சொல்லுங்கள், கேட்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இனி ஊசிப்பெட்டி விடயம். மாதம் ஆறு சேஃப்டி பொக்ஸ் தருவதாக ஒப்பந்தம். கடந்த மாதம் தந்தவை இரண்டு. அவற்றோடு "இதிலும் போடலாம்" என்று ஒரு கட்டு மஞ்சள் பை. ஊசி, பிளேட் போடும் கொள்கலன் சிவப்புக் கோடு போட்ட மஞ்சளாக, குத்தினால் துளைபடாததாக இருக்க வேண்டும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அடுத்த பெட்டி இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று திணித்திருக்கிறார்கள். எங்களிடம் சுத்திகரிப்பு வேலை செய்யும் அக்கா அந்தப் பெட்டியைத் தூக்கும்போது, வாயில் நீட்டிக்கொண்டிருந்த ஊசி அவர் பெருவிரலில் ஏறிவிட்டது.

அது எந்த நோயாளியின் ஊசி என்று கண்டுபிடிக்க வழியில்லை. பாதுகாப்பு ஊசி போடாத ஒருவருக்கு ஈரலழற்சி பி கிருமி உள்ள ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகலாம். எச்ஐவி என்றால் ஆயிரத்துக்கு மூன்று. அக்காவுக்கு ஈரலழற்சி பி ஊசி இரண்டு தடவைதான் போட்டிருந்தோம், மூன்றாவது மிச்சம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனோம். 28 நாள் அந்த மாத்திரை குடித்தார். வாந்தியும் தலைச்சுற்றுமாக வேலைக்கு வந்தார். வீட்டில் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஏ.எல். (உயர்தர) சோதனை நடக்கிறதாம். இன்னும் இரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது. பெட்டியைத் திணித்ததில் எங்கள் பங்கும் உண்டு, அதை மறைக்கவில்லை. இப்போது தேவையான பெட்டிகளை எங்கள் காசில் வெளியே வாங்கி வைத்திருக்கிறோம். ஆனால் தராத நான்கு பெட்டிகளுக்கும் தாங்கள் பணம் அறவிட்டிருக்கிறீர்கள்.

தங்கள் ஊழியரைப் பற்றியும் எழுதியாக வேண்டும். தயவுசெய்து இதை அவருக்கு எதிரான முறைப்பாடாக எடுக்க வேண்டாம். 13ஆம் திகதி வந்த தம்பிக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். காலில் றப்பர் செருப்பு. கையில் ஒன்றுமில்லை. மஞ்சள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் நிறுத்தி, "கையுறை எங்கே தம்பி?" என்று கேட்டேன். "தரல்ல மிஸ். உங்ககிட்ட ஒரு சோடி இருந்தாத் தாங்க" என்றார். கொடுத்தோம். பாதுகாப்பு ஊசி ஏதாவது போட்டார்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். தங்கள் விலைச்சிட்டையின் மேலே கவச உடை போட்ட இருவரின் படம் அச்சடித்திருக்கிறது. அந்த உடைகளில் ஒன்றை இந்தத் தம்பிக்குக் கொடுத்தால் நல்லது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன் கீழ் 2008 பெப்ரவரி 1ஆம் திகதி வெளியான 1534/18ஆம் இலக்க வர்த்தமானியும் இந்த வகைக் கழிவை உரிமம் இல்லாமல் கையாள இடம் தருவதில்லை. நாளை ஒரு பரிசோதனை வந்தால் "கழிவு எங்கே போனது?" என்ற கேள்வி முதலில் எங்களிடம்தான் கேட்கப்படும். அப்போது நான் எடுத்துக் காட்டக்கூடியது தங்கள் சான்றிதழ் ஒன்றைத்தான். கழிவை அள்ளிச் செல்வதற்கு மட்டுமென்றால் இவ்வளவு பணம் தேவையில்லை. அது போய்ச் சேர்ந்த இடம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கொடுக்கிறோம். பிரித்தானியாவிலிருந்து வந்த குப்பைக் கொள்கலன்களில் மருத்துவக் கழிவும் இருக்கிறதென்று இந்த நாடே கொதித்து, 2020 செப்டம்பரில் 21 கொள்கலன்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. எங்கள் டொக்டர் கேட்கிறார்: "அதையாவது அனுப்பியவனிடமே திருப்பினோம். நம்முடையது எங்கே போகுதென்றே தெரியாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?"

ஆகவே 9ஆம் திகதிய சான்றிதழையும், 14.6 கிலோ என்று வந்த மற்ற மூன்றையும் எழுத்தில் இரத்துச் செய்து, உண்மையான திகதியோடும் நிறையோடும் புதியவை தரவேண்டும். 13ஆம் திகதி கொண்டுபோன பைகள் எந்த எரியூட்டிக்குப் போயின, அங்கே என்ன வெப்பநிலையில் எரிந்தன என்ற பதிவின் பிரதியும் வேண்டும். சேலைன் பை போன்ற பிளாஸ்டிக்கை 850 முதல் 1100 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் எரிக்காவிட்டால் டயொக்சின் என்னும் நஞ்சு புகையோடு வெளியேறும், அந்தப் புகையைச் சுவாசிப்பதும் நாங்கள்தான். வராத இரண்டு நாட்களுக்கும் தராத நான்கு பெட்டிகளுக்கும் அறவிட்ட தொகையை அடுத்த சிட்டையில் கழியுங்கள். அக்காவின் மருத்துவச் செலவு பற்றி நேரில் பேசலாம்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் இல்லையேல், இதன் பிரதி படங்களோடும் கமரா பதிவோடும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கும் போகும். இம்மாதச் சிட்டைக்கான காசோலை எழுதி ஒப்பமிட்டு வைத்திருக்கிறேன். பதில் வரும் வரை அது என் லாச்சியில்தான் இருக்கும்.

அதுவரை லொறியை வழமைபோல நாள் விட்டு நாள் அனுப்புங்கள். பின் ஒழுங்கையால் வரச் சொல்லுங்கள், முன்வாசலில் நோயாளர் இருப்பார்கள். தராசு கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். இனி இரண்டு பக்கமும் நின்று நிறையைப் பார்த்த பிறகே ஒப்பமிடுவோம்.

இப்படிக்கு,
நிர்வாக முகாமையாளர் (ஒப்பம்)

இணைப்பு: சான்றிதழ்கள் நான்கின் பிரதி, நிறைக் கொப்பியின் இரண்டு பக்கங்கள், 12ஆம் திகதி ஒழுங்கையில் எடுத்த படங்கள்